ஒரு மைல் ஓட எத்தனை நிமிஷம்? நேரத்தைக் குறைக்க என்ன வழி?

#1 லஸ்_கார்னர் (நெறியாளர்)

நம்ம சென்னை ஓட்டக்காரங்க ஃபோரம்ல புதுசா சேர்றவங்க எல்லாரும் முதல் வாரத்துலயே கேக்குற கேள்வி: "நான் மைல் இத்தனை நிமிஷம், இது பரவாயில்லையா?" ஆளுக்கொரு இழை வேண்டாம், எல்லாத்தையும் இங்கயே பேசிடலாம்.

முதல்ல கணக்கு. ஒரு மைல் 1609.344 மீட்டர். நம்ம வாட்ச் கிலோமீட்டர்ல காட்டும், யூடியூப் கோச் மைல்ல பேசுவார், பாதி குழப்பம் அங்கதான். கிலோமீட்டர் பேஸை, அதாவது ஒரு கி.மீ. ஓட ஆகுற நேரத்தை, 1.609-ஆல பெருக்குங்க. கி.மீ.க்கு 7:30 ஓடினா மைல் 12:04. கி.மீ. 6:13-னா மைல் 10 நிமிஷம். 4:58-னா 8 நிமிஷம். வாட்ச்சுல ஆட்டோ லேப் (ஓட்டத்தைத் தானா துண்டு துண்டா பிரிச்சு நேரம் காட்டுறது) கி.மீ.யா மைலான்னு ஒரு தடவை செட்டிங்ஸ்ல பார்த்துக்கங்க.

"பரவாயில்லையா"வுக்கு என் பதில்: ஓட்டம் புதுசுன்னா 11லிருந்து 14 நிமிஷம் சகஜம். வாரம் மூணு நாலு நாள் சில மாசமா ஓடுறவங்க பெரும்பாலும் எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவுல இருப்பாங்க. 7க்குக் கீழ வரணும்னா திட்டம் போட்டுப் பயிற்சி எடுக்கணும். உலக சாதனையோட ஒப்பிடுறது அவங்கவங்க இஷ்டம். ஆண்கள்ல ஹிஷாம் எல் கெரூஜ் 1999-ல ரோம்ல ஓடின 3:43.13, பெண்கள்ல ஃபெய்த் கிப்யெகோன் 2023-ல மொனாக்கோவுல ஓடின 4:07.64.

#2 வேளச்சேரி_வாக்கர்

நிக்காம அரை மணி நேரம் ஓட முடியுது. மைல் மட்டும் 11 நிமிஷத்துலயே நிக்குது. 10க்குள்ள வரணும். தினமும் முடிஞ்ச வேகத்துல ஓடிட்டே இருந்தா தானா குறையுமா? அப்புறம், இதை எங்க ஓடி அளக்குறது?

#3 நாலு_சுத்து

தினமும் முடிஞ்ச வேகத்துல ஓடினா குறையாது ப்ரோ. இந்த ஊர்ல நான் பாக்குற பெரிய தப்பே அதுதான். மெதுவா ஓட வேண்டிய நாள்ல நடுத்தர வேகம், வேகமா ஓட வேண்டிய நாள்ல கால் அசந்து போய் மறுபடி அதே நடுத்தர வேகம்.

ஒரு மைல் ஓட்டத்துல முக்கால் பங்குக்கு மேல சக்தி ஆக்ஸிஜன் வழியாதான் வருது. அதை வளர்க்குறது மெதுவான ஓட்டம். உங்க 11 நிமிஷ மைலுக்கு ஈஸி ரன்னுன்னா கி.மீ.க்கு 8:15லிருந்து 9 நிமிஷம். பக்கத்துல ஓடுறவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும். "ம்", "ஆமா"ன்னு மட்டும் பதில் வந்தா வேகம் ஜாஸ்தி. நடுவுல ஒரு நிமிஷம் நடந்தா அவமானம் ஒண்ணும் இல்ல.

வாரத்துல நாலு நாள்னா மூணு நாள் இப்படி. அதுல ஒரு நாள், ஞாயிறுன்னு வச்சுக்கங்க, 55லிருந்து 65 நிமிஷம். மிச்சம் ஒரே ஒரு நாள்தான் வேகம். 10 நிமிஷ மைலுக்கு 400 மீட்டர் சுத்து 2:29 வரணும். எட்டு வாரத்துக்கு நான் சொல்றது:

முதல் ரெண்டு வாரம் 200 மீட்டர் 6 தடவை, ஒவ்வொண்ணும் 74-75 செகண்டு, நடுவுல 200 மீட்டர் நடை. 3, 4-வது வாரம் 400 மீட்டர் 4 தடவை, 2:28லிருந்து 2:30, நடுவுல ரெண்டரை நிமிஷம் நடை. 5, 6-வது வாரம் 600 மீட்டர் 3 தடவை, 3:43, நடுவுல மூணு நிமிஷம். 7-வது வாரம் 800 மீட்டர் 2 தடவை, 4:58, நடுவுல நாலு நிமிஷம். எட்டாவது வாரம் டெஸ்ட். டெஸ்ட்டுக்கு முந்தின நாலு நாள் கடினமா எதுவும் வேண்டாம்.

முக்கியமான விஷயம்: 400-ஐ 2:15ல முடிச்சுட்டு "நல்லா ஓடினேன்"னு சந்தோஷப்படாதீங்க. 2:29ன்னா 2:29. கடைசி 400 முதல் 400-ஐ விட 3 செகண்டுக்கு மேல தள்ளிப்போனா, வேகம் உங்க அளவுக்கு மீறினதுன்னு அர்த்தம். அடுத்த வாரம் கூட்டாம அதையே திரும்பப் போடுங்க.

#4 நாலு_சுத்து

எங்க ஓடுறதுன்னு கேட்டதுக்கு: 400 மீட்டர் ட்ராக்தான் சரி. நேரு ஸ்டேடியம் மாதிரி சிந்தெடிக் ட்ராக் இருக்குற இடத்துல எந்த நேரம் யாருக்கு அனுமதின்னு கேட்டுட்டுப் போங்க. கல்லூரி மண் ட்ராக் கிடைச்சாலும் போதும், ஆனா அது நிஜமா 400-தானான்னு கேளுங்க. நிறைய மைதானத்துல இடத்துக்கு ஏத்த மாதிரி கோடு போட்டிருப்பாங்க.

நாலு சுத்து 1600 மீட்டர்தான். மிச்சம் 9.34 மீட்டரை முடிவுக் கோட்டுக்குப் பின்னால தள்ளி நின்னு ஆரம்பிக்கணும். டேப் இல்லன்னா நல்ல எட்டா 12 எட்டு வைங்க, போதும். 2:29 வீதம் நாலு சுத்து 9:56, அந்த 9 மீட்டருக்கு மூணரை செகண்டு. 10க்குள்ள வந்துடும், அவ்வளவு நெருக்கம். அதனாலதான் செகண்டைப் பத்தி இவ்வளவு சொல்றேன்.

முதல் லேன்ல ஓடுங்க. 400 மீட்டர்ங்கிறது உள் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்தது. ரெண்டாவது லேன் ஒரு சுத்துக்கு ஏழு மீட்டர் கூட. எட்டாவது லேன் 453 மீட்டர். வாக்கிங் போறவங்க முதல் லேன்ல கைகோத்து நடந்தா "லெஃப்ட் கொஞ்சம் சார்"னு முன்னாடியே குரல் கொடுங்க. பின்னாடி வந்து திடீர்னு கத்தினா அவங்க குறுக்கதான் வருவாங்க.

#5 ஜிபிஎஸ்_ஜீவா

ட்ராக் கிடைக்காதவங்களுக்கு. நாகேஸ்வர ராவ் பார்க், டவர் பார்க் மாதிரி சின்ன வளைவுப் பாதையில வாட்ச்சை நம்பி மைல் டைம் எடுக்காதீங்க. ஜிபிஎஸ் சில செகண்டுக்கு ஒரு புள்ளி வச்சு நேர்கோடா இழுக்குது, வளைவை வெட்டிடும். தூரம் குறைவா காட்டும், நேரம் மோசமா தெரியும். மரமும் அடுக்குமாடியும் அடர்ந்த தெருவுல சிக்னல் எதிரொலிச்சு கோடு ஆடும், அங்க தூரம் கூடிடும். ரெண்டுமே பொய்.

மெரினா காமராஜர் சாலை நடைபாதை நேரா, திறந்த வானம், அது நல்ல இடம். ஆனா ஒரே திசையில மைல் ஓடி அளக்காதீங்க. கோடை சாயங்காலம் கடல் காத்து தென்கிழக்கிலிருந்து வரும். கலங்கரை விளக்கம் பக்கமா ஓடினா எதிர்காத்து, நேப்பியர் பாலம் பக்கமா ஓடினா முதுகுல தள்ளும். 805 மீட்டர் போய் 805 திரும்புங்க. எதிர்காத்து தின்ன நேரத்தைப் பின்காத்து முழுசா திருப்பித் தராது, அதனால காலையில காத்து அடங்கி இருக்கும்போது ஓடுறதே நல்லது.

ட்ரெட்மில்ல 10 நிமிஷ மைல் மணிக்கு 9.7 கி.மீ., 8 நிமிஷம் 12.1 கி.மீ. 1 சதவீத ஏத்தம் வச்சே ஆகணும்னு சொல்வாங்க. மணிக்கு 12-13 கி.மீ. தாண்டினாதான் காத்தோட எதிர்ப்பு கணக்குல சேரும், அதுக்குக் கீழ இருக்கறவங்க அதை மறந்துடலாம். ஆனா பெல்ட் காட்டுற வேகம் மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரே ஜிம், ஒரே மெஷின்னு வச்சுக்கங்க.

#6 காக்கி_கனவு

அண்ணா, எங்க கேள்வி கொஞ்சம் வேற. போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர் 7 நிமிஷத்துல முடிக்கணும். இப்ப 7:40 ஆகுது. கூட ஓடுற பையன் ராணுவத்துக்கு 1.6 கி.மீ. ஓடுறான். மைலும் இதுவும் ஒண்ணுதானா?

#7 நாலு_சுத்து

ஏறக்குறைய ஒண்ணுதான் தம்பி. 1.6 கி.மீ. மைலை விட 9 மீட்டர்தான் குறைவு. 1500-ல 7 நிமிஷம்னா மைலுக்கு சுமார் 7:31. ராணுவ ஆள்சேர்ப்புல 1.6 கி.மீ.யை 5:30க்குள்ள முடிச்சாதான் முழு 60 மதிப்பெண்ணுன்னு ரொம்ப நாளா இருந்த விதி. அது சுத்துக்கு 82 செகண்டு, வேற உலகம். மத்திய ஆயுதப்படை காவலர் தேர்வுல பெண்களுக்கு அதே 1.6 கி.மீ. எட்டரை நிமிஷம், சுத்துக்கு 2:07. விதி மாறிட்டே இருக்கும், இந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துத்தான் பயிற்சி போடணும்.

உனக்கு சுத்துக்கு 1:52. 1500-ங்கிறது மூணே முக்கால் சுத்து. ஆரம்பம் முடிவுக் கோட்டுல இல்ல, எதிர்ப்பக்கம். முதல்ல 300 மீட்டர், அப்புறம் மூணு முழுச் சுத்து. முடிவுக் கோட்டை முதல் தடவை தாண்டும்போது 1:24, ரெண்டாவது தடவை 3:16, மூணாவது 5:08, முடியும்போது 7:00. நாலு நம்பரையும் மனப்பாடம் பண்ணு. தேர்வு நாள்ல விசில் அடிச்சதும் கூட்டமே பிச்சுக்கிட்டு ஓடும், முதல் 300-ஐ 1:05ல தாண்டுவாங்க. நீ 1:21லிருந்து 1:24க்குள்ள போ. ரெண்டாவது சுத்துலயே பாதிப் பேரை எட்டிப் பிடிச்சுடுவ.

முந்துறதை நேர் பகுதியில வச்சுக்க, வளைவுல வேண்டாம். மொத்த ஓட்டமும் ரெண்டாவது லேன்லயே ஓடினா சுமார் 25 மீட்டர் கூட ஓடுற, உன் வேகத்துல அது 7 செகண்டு. 7:05ல தேறாம வர்றவனுக்கு அந்த 7 செகண்டு போதும்.

7:40லிருந்து 7:00க்கு 40 செகண்டு. மூணு மாசம் வச்சுக்க. தேர்வு மண் மைதானத்துலன்னா வாரத்துல ஒரு நாளாவது மண்ணுல ஓடு. புது ஷூவை அன்னைக்குத்தான் பிரிக்கிறதுன்னு வச்சுக்காத.

#8 டாக்டர்_நீலாங்கரை

முதல் சுற்றில் வேகமெடுத்தால் ஏன் மூன்றாவது சுற்றில் விழுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடத் தொடங்கியதும் தசைக்குத் தேவையான ஆக்ஸிஜன் உடனே வந்துவிடாது. முழு அளவை எட்ட ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை தசையில் சேமிப்பாக இருக்கும் பாஸ்போகிரியேட்டினும், ஆக்ஸிஜன் இல்லாமல் எரியும் சர்க்கரையும் ஈடுகட்டுகின்றன. அதனால்தான் முதல் 30 விநாடி எந்த வேகத்தில் ஓடினாலும் சுலபமாகத் தோன்றுகிறது. அந்தச் சேமிப்பை அங்கேயே செலவழித்தால், தசையில் அமிலத்தன்மை ஏறி, மூன்றாவது சுற்றில் கால் கனத்துவிடும். வார்ம்அப் இந்த ஆக்ஸிஜன் தாமதத்தைக் குறைக்கிறது. மைல் போன்ற குறுகிய ஓட்டத்துக்கு அது விருப்பப்பட்டால் செய்யும் விஷயம் அல்ல.

இன்னொன்று. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஈஸி ரன்னிலேயே மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு) இரண்டையும் சோதித்துப் பாருங்கள், குறிப்பாகப் பெண்களும் சைவ உணவுக்காரர்களும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைவாக இருக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்துக் காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் இருந்தாலோ, 40 வயதுக்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தாலோ, மருத்துவரைப் பார்த்த பிறகே முழு வேக டெஸ்ட்.

#9 பெசன்ட்நகர்_பேஸர்

சென்னைக்காரங்க மனசை நோகடிக்கிறது வெயிலை விட புழுக்கம்தான். "மே மாசம் மெதுவாயிட்டேன், என் ஃபிட்னஸ் போச்சு"ன்னு வருஷா வருஷம் புலம்பல் வரும். போகல. ஆப்ல வெப்பநிலையை மட்டும் பாக்காம டியூ பாயின்ட்டைப் (காத்துல இருக்குற ஈரம் பனித்துளியா மாறுற வெப்பநிலை, அது கூடினா புழுக்கமும் கூடும்) பாருங்க. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரை விடியக்காலையிலயே அது 24-26 டிகிரில நிக்கும். வேர்வை காயாம சொட்டத்தான் செய்யும், சொட்டுற வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்பணும், காலுக்கும் அனுப்பணும். அதே பேஸுக்கு துடிப்பு 10-15 ஏறிடும். ஜனவரில கி.மீ.க்கு 7 நிமிஷம் ஈஸியா ஓடினவங்க மே மாசம் 7:25 ஓடினா அதே முயற்சிதான்.

இதுல மைலுக்கு ஒரு சௌகரியம் இருக்கு, யாரும் சொல்றதில்ல. பத்து நிமிஷத்துக்குள்ள முடியுற ஓட்டத்துல உடம்போட உள் வெப்பம் பெருசா ஏற நேரமே இல்ல. 10 கி.மீ. டைம் கோடையில நிமிஷக் கணக்குல போகும், மைல் டைம் சில செகண்டுதான். அதனால சென்னையில நம்ம முன்னேற்றத்தை வருஷம் பூரா அளக்க மைல்தான் நேர்மையான அளவுகோல்னு நான் அடிச்சுச் சொல்வேன். மே மாசம் 10 கி.மீ. பெர்சனல் பெஸ்ட்டுக்கு முட்டி மோதுறவங்க மைலுக்கு வாங்க.

நேரம்: மே மாசம் 5:40-லயே சூரியன் வந்துடும், டெஸ்ட்டை 5:30க்கு வச்சுக்கங்க. தண்ணிக்கு, ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர் வேர்வை. மைலுக்கு நடுவுல தண்ணி தேவையே இல்ல. வேர்க்குற வேர்வை நின்னு புல்லரிச்சா, பேச்சு குழறினா, ஓட்டத்தை நிறுத்தி நிழல், தண்ணி ஊத்துறது, 108. அங்க வீரம் காட்டாதீங்க.

#10 மந்தைவெளி_மாமி

எனக்கு 53 வயசு. மைல் 13:20. இளவட்டங்களுக்குச் சொல்ற திட்டமே எனக்கும் பொருந்துமா? காலடி நிமிஷத்துக்கு 180 இருக்கணும்னு மருமகன் சொல்றார், என் வாட்ச் 158 காட்டறது.

#11 பிசியோ_பெரம்பூர்

திட்டம் அதேதான் மாமி, ரெண்டு வேக நாளுக்கு நடுவுல இடைவெளி மட்டும் கூடணும். ஏழு நாளுக்கு பதிலா பத்து நாளைக்கு ஒரு தடவை 200, 400 போடுங்க. அதை விட முக்கியம் வலுப் பயிற்சி. மாதவிடாய் நின்ன பிறகு தசையும் எலும்பும் வேகமா குறையும். ஓட்டம் மட்டும் அதைத் தடுக்காது.

180 கதை: 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் வீரர்களோட காலடியை எண்ணிப் பார்த்தார், பெரும்பாலானவங்க 180க்கு மேல. அவங்க ஒலிம்பிக் வீரர்கள், பந்தய வேகத்துல ஓடினவங்க. கி.மீ.க்கு 8:17 ஓடுறவங்களுக்கு அது விதி இல்ல. 158 உங்க இயல்பு. அதை 5 சதவீதம், 165-166க்கு, கொண்டுவாங்க. அடி சின்னதாகும், கால் உடம்புக்கு நேர் கீழ விழும், முழங்கால் மேல பாரம் குறையும். மருமகன்கிட்ட அவர் வாட்ச்சையும் காட்டச் சொல்லுங்க.

எல்லாருக்கும்: வேகம் கூட்டுறப்ப முதல்ல அடி வாங்குறது ஆடுசதையும் அதைக் குதிகாலோட இணைக்குற தசைநாணும். படிக்கட்டு ஓரத்துல நின்னு குதிகாலைத் தூக்கி இறக்குறது, முட்டி நேரா 15, முட்டி லேசா மடக்கி 15, மூணு சுத்து, வாரம் மூணு நாள். ஏறுறது ரெண்டு செகண்டு, இறங்குறது மூணு செகண்டு. மூணாவது வாரத்துலேர்ந்து முதுகுல பையை மாட்டி எடை கூட்டுங்க.

முன்காலெலும்பு வலிக்குதுன்னா விரலால தடவிப் பாருங்க. ஒரு சாண் நீளத்துக்குப் பரவின வலின்னா ஓட்டத்தைக் குறைச்சு சரி பண்ணலாம். ஒரே விரல் நுனி அளவு இடத்துல சுருக்குன்னு குத்தி, ராத்திரி படுத்தாலும் வலிச்சா அது எலும்பு விரிசலா இருக்கலாம். ஓட்டத்தை அன்னைக்கே நிறுத்தி டாக்டரைப் பாருங்க.

#12 சைதை_ஸ்பிரிண்ட்

மணல்ல வெறுங்காலோட ஓடினா கால் பலமாகும், அதான் வேகத்துக்கு ரகசியம். எல்லாரும் ஷூ கம்பெனிக்கு காசு அழுறீங்க.

#13 பிசியோ_பெரம்பூர்

ரகசியம் ஒண்ணும் இல்ல. ஈர மணல்ல வாரம் ஒரு நாள் பத்து நிமிஷம்னு ஆரம்பிச்சா பாதத் தசைக்கு நல்லது, ஒத்துக்குறேன். ஆனா காய்ஞ்ச மணல்ல குதிகால் புதையும், தசைநாண் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலா இழுபடும். அலையோரம் சரிவு வேற, ஒரு கால் மேல ஒரு கால் கீழன்னு இடுப்பு கோணும். அதுல மைல் வேகம் போனா அடுத்த வாரம் என்னைப் பார்க்க வருவீங்க. கண்ணாடித் துண்டைப் பத்தி சொல்லவே வேணாம்.

ஷூ பளபளப்பா இருந்தாலும் 600-800 கி.மீ.ல அடிப்பகுதி செத்துடும். மழைக்காலத்துல நனைஞ்சா வெயில்ல காயப்போடாதீங்க, பசை விட்டுடும். பழைய பேப்பரை உள்ள திணிச்சு ஃபேன் அடியில வைங்க.

#14 வேளச்சேரி_வாக்கர்

புரிஞ்சுது, நன்றி. ஸ்ட்ரைடு ஸ்ட்ரைடுன்னு ஒரு இடத்துல படிச்சேன், அது என்ன? ஊர்ல மேடே இல்லையே, மலை ஓட்டம் எங்க ஓடுறது? டெஸ்ட் நாள்ல என்ன வார்ம்அப், என்ன சாப்பிடணும்?

#15 நாலு_சுத்து

ஸ்ட்ரைடுன்னா 20 செகண்டு, மைல் வேகத்தை விடக் கொஞ்சம் கூட, ஆனா பல்லைக் கடிக்காம. முதல் 5 செகண்டு மெல்ல ஏத்தி, நடுவுல பிடிச்சு, கடைசி 5ல இறக்கணும். ஈஸி ரன் முடிஞ்சதும் 4லிருந்து 6, நடுவுல ஒரு நிமிஷம் நடை. வாரம் ரெண்டு நாள். நரம்புக்கும் தசைக்கும் வேகம் பழகும், களைப்பு மிஞ்சாது.

மேட்டுக்கு பாலம்தான். அடையாறு திரு.வி.க. பாலம் மாதிரி நடைபாதை இருக்குற பாலம் ஏத்தத்துல 10 செகண்டு முழு வேகம், நடந்து இறங்கி, 6 தடவை. வண்டி ஏறுறதுக்கு முன்னாடி போங்க. நடைபாதையில ஸ்லாப் விட்டிருக்கான்னு முதல்ல ஒரு தடவை நடந்து பார்த்துக்கங்க. ஸ்டேடியம் படிக்கட்டும் நடக்கும்.

சாப்பாடு: ராத்திரி வழக்கமான இட்லி தோசையே போதும். டெஸ்ட்டுக்கு 45 நிமிஷம் முன்னாடி ஒரு வாழைப்பழம். ஃபில்டர் காபி பழக்கம்னா அதே நேரத்துல அரை டம்ளர், பழக்கம் இல்லன்னா அன்னைக்கு முயற்சி வேண்டாம், வயித்தைக் கலக்கும்.

வார்ம்அப், 5:30 டெஸ்ட்டுன்னா: 5:08க்கு மெதுவா 8 நிமிஷம் ஓட்டம், கோடையில 6 போதும். அப்புறம் நின்ன இடத்துல கால் வீசல், முட்டி தூக்கி நடை, ரெண்டு மூணு நிமிஷம். நீட்டிப் பிடிச்சு நிக்குற ஸ்ட்ரெச்சிங் வேண்டாம். 5:23க்கு ஸ்ட்ரைடு மூணு. கடைசி ஸ்ட்ரைடுக்கும் ஆரம்பத்துக்கும் நடுவுல 3லிருந்து 5 நிமிஷம். ட்ராக்ல கூட்டம் இருந்து பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டி வந்தா இன்னொரு ஸ்ட்ரைடு போட்டுட்டு ஆரம்பிங்க. முதல் சுத்து 2:28க்கு முன்னாடி வந்துட்டா அங்கயே வேகத்தைக் குறைச்சுடுங்க, நாலாவது சுத்துக்கு அது தேவைப்படும்.